பேசாத பாத்திரத்தை எழுதுவது: முதல் இளையோர் நாவலுக்கு ஒரு வழிகாட்டி

பதின்பருவத்தில் பெரிய அடி ஒன்று வாங்கி, அதைப் பற்றி வாய் திறக்காமல் நடமாடும் ஒரு பெண்ணையோ பையனையோ மையமாக வைத்து நாவல் எழுத உட்கார்ந்திருக்கிறீர்களா? இது உங்களுக்காக. அப்படியொரு நாவலை எழுதி முடித்தவன் நான். கதை சொல்லும் கலையைப் பற்றிப் பேச நிறையப் பேர் கிடைத்தார்கள். எந்தக் கட்டத்தில் எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும், யாரிடம் எப்போது படிக்கக் கொடுப்பது, எதற்குக் காசு செலவாகும், எழுதுகிறவரின் மனசு கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் சொல்ல ஆளில்லை. ஒவ்வொருவரிடமாகப் போய் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இந்த வகை நாவலில் கதையை நகர்த்துவது, நடந்ததைச் சொல்ல முடியாமல் போனதற்கான காரணம்தான். கீழே வரும் படிகள் எல்லாமே அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கவும், கடைசிப் பக்கம் வரை கைநழுவ விடாமல் வைத்திருக்கவும்தான்.

கால அளவு: வேலைக்கோ படிப்புக்கோ நடுவில் எழுதுகிறவர் முதல் வரைவுக்கு ஓராண்டும் திருத்தங்களுக்கு இன்னோர் ஆண்டும் ஒதுக்கிக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் இளையோர் நாவல்கள் பெரும்பாலும் 50,000 முதல் 80,000 சொற்களுக்குள் இருக்கும். தமிழில் ஒரே சொல்லோடு பல ஒட்டுகள் சேர்ந்துவிடுவதால் அதே கதை இன்னும் குறைந்த சொற்களில் அடங்கிவிடும். அந்த எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள்.

1. மௌனத் தாளை எழுதுங்கள்

முதல் அத்தியாயத்துக்கு முன் எழுத வேண்டிய காகிதம் இது. பாத்திரத்தின் வாழ்க்கையில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் வரிசையாக எழுதுங்கள்: அம்மா, அப்பா, தங்கை, நெருங்கிய தோழி, வகுப்பாசிரியர், கெடுதல் செய்தவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் நம்புகிறாள்?

அம்மா உடைந்துபோவாள். அப்பா யாரையாவது அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போவார். தோழி நம்பமாட்டாள், ஏனென்றால் கெடுதல் செய்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஆசிரியர் நம்புவார், ஆனால் உடனே மேலே சொல்லிவிடுவார். அதற்கப்புறம் எதுவும் இவள் கையில் இருக்காது. தங்கையிடம் சொன்னால் அவளுக்கு ராத்திரி தூக்கம் போய்விடும்.

இப்படி எழுதியதும், ஒரே மௌனம் என்று நாம் நினைத்தது ஆளுக்கு ஆள் வேறு வேறு மௌனமாகப் பிரிந்து நிற்பது தெரியும். அம்மாவிடம் பேசாமல் இருப்பது பாசத்தால். தோழியிடம் பயத்தால். ஆசிரியரிடம் பேசாமல் இருப்பதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. கடைசியாக மிச்சமிருக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. இந்த வித்தியாசங்களிலிருந்துதான் காட்சிகள் பிறக்கும். தாளில் எல்லாப் பெயருக்கும் எதிரே ‘வெட்கம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

பாலியல் வன்முறையைப் பற்றிய கதைகளுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். போரில் தப்பிவந்த பையன், விபத்தில் தம்பியைப் பறிகொடுத்தவள், வீட்டில் அடிவாங்கி வளர்கிறவன் என்று எந்தக் கதைக்கும் இந்தத் தாள் பொருந்தும்.

கவனிக்க: பேசாத பாத்திரம் என்றதும் வாயே திறக்காத ஆளை எழுதிவிடுவது பரவலான பொறி. நிஜத்தில் பெரும்பாலானவர்கள் நிறையப் பேசுகிறார்கள். ஜோக் அடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், நல்ல மார்க் வாங்குகிறார்கள். அந்த ஒரு விஷயத்தைச் சுற்றி மட்டும் ஒரு பள்ளம் இருக்கும். இதையும் செலக்டிவ் மியூட்டிசம் என்ற நிலையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டில் பேசும் குழந்தை பள்ளி போன்ற குறிப்பிட்ட இடங்களில் பேச முடியாமல் போகும் நிலை அது. பெரும்பாலும் 5 வயதுக்குள்ளேயே தொடங்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு அதைப் பதற்றக் கோளாறுகளில் சேர்த்திருக்கிறது. ஒரு கொடுமைக்குப் பிறகு 15 வயதில் பேச்சு நின்றுபோவது வேறு விஷயம். கதையில் மருத்துவர் ஒருவர் வாயால் இந்தப் பெயரைச் சொல்லவைக்கும் முன் யோசியுங்கள்.

2. அளவாகப் படியுங்கள்

படிப்புக்கு இரண்டு மாதம் போதும். அதற்கு மேல் போனால் எழுதாமல் இருப்பதற்கு அதுவே சாக்காகிவிடும். மூன்று விஷயங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, உறைந்துபோதல். ஆபத்தில் எதிர்த்து நிற்பதும் ஓடுவதும் தவிர, உடம்பு அசையாமல் கல்லாகிவிடுவதும் உண்டு. அது சம்மதம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கே பல சமயம் இது தெரியாது. ‘நான் ஏன் கத்தவில்லை?’ என்ற கேள்விதான் பல மௌனங்களுக்கு அடிவேர்.

இரண்டு, நினைவு. அதிர்ச்சியான நினைவு பெரும்பாலும் வரிசையாக வராது. வாசனை, சத்தம், சட்டைப் பொத்தானின் நிறம் துல்லியமாக இருக்கும். எது முதலில், எது பிறகு என்பது கலங்கிக் கிடக்கும். சினிமாவில் வருவது போல ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓடும் ஃப்ளாஷ்பேக் எழுதினால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே விலகிவிடுவார்.

மூன்று, கால அளவு. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்று சொல்வார்கள். சம்பவம் நடந்து ஒரு வாரத்தில் கதையில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் தப்பு.

3. இது யாருடைய கதை என்பதைத் தீர்மானியுங்கள்

சொந்தக் கதை என்றால், நாவலைத் தொடங்கும் முன் அதைத் தனியாக, யாருக்கும் காட்டாத நோட்டில் எழுதிப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் வாழ்க்கையின் கசப்பான அனுபவங்களை எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்துப்போனது. பின்வந்த மாதங்களில் உடல்நலக் குறைகளுக்காக மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. முதலாவது உங்களுக்கும் நடக்கும், தயாராக இருங்கள். எழுதும் நாளில் கூட இருக்க ஒருவர், எழுத்து முடிந்ததும் செய்ய ஒரு வேலை, இந்த மணிக்கு மேல் எழுத மாட்டேன் என்ற எல்லை, மூன்றும் வேண்டும். தூக்கம் கெட்டு அது வாரக்கணக்கில் நீண்டால் நாவலை ஒத்திவைத்துவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். நாவல் காத்திருக்கும்.

இன்னொருவர் உங்களிடம் சொன்ன கதை என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டியவை: எதையெல்லாம் பயன்படுத்தலாம், எதைத் தொடக் கூடாது, அச்சுக்குப் போகும் முன் அவர் படித்துப் பார்க்க உரிமை, எந்தத் தேதிக்குள் அவர் மனம் மாறி விலகிக்கொள்ளலாம் என்பது. சொன்னவர் 18 வயதுக்குக் கீழே என்றால் அந்தக் கதையை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பெயரை மாற்றினால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். ஊர், பள்ளி, குடும்ப அமைப்பு மூன்றும் அப்படியே இருந்தால் தெரிந்தவர்கள் ஒரே அத்தியாயத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம்.

4. இரண்டு காலக்கோடுகள்

ஒரு தாளில் நடந்தது நடந்த வரிசையில். இன்னொரு தாளில் வாசகருக்குத் தெரியவரும் வரிசையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மௌனத்தைத் தாங்கி நிற்க வெளியிலிருந்து ஒரு சட்டகம் தேவை. அமெரிக்க எழுத்தாளர் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ 1999 இல் வந்த நாவல், பாலியல் வன்முறைக்கு ஆளாகி அதைச் சொல்ல முடியாமல் தவிக்கும் பள்ளி மாணவியின் கதை. ஒரு பள்ளி ஆண்டின் நான்கு மதிப்பெண் பருவங்களே அதன் நான்கு பகுதிகள். கதாநாயகி பேசாவிட்டாலும் பள்ளி நாட்காட்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓவிய வகுப்பில் வரையக் கொடுத்த ஒரு மரம் ஆண்டு முழுக்க அவளோடு வருகிறது. உங்கள் கதைக்கு அது பந்தயப் பயிற்சியாக இருக்கலாம், வீடு மாறுவதாக இருக்கலாம். பாத்திரம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு தேதியை நோக்கிப் போகிற ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும்.

ரகசியத்தைக் கடைசி வரை மூடிவைத்துத் திடுக்கிட வைக்கும் ஆசை வரும். அதை விட்டுவிடுங்கள். நாவலில் பாதி தாண்டும் முன்பே என்ன நடந்தது என்று வாசகர் ஊகித்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் புரட்டும் ஒவ்வொரு பக்கமும் ‘இவள் சொல்வாளா, யாரிடம் சொல்வாள்’ என்ற தவிப்பில் புரளும். ஒரு பிள்ளையின் வேதனையைப் புதிராக்கி வைத்து விளையாடுவது எனக்கு ஒப்பாத காரியம்.

5. குரலை வாக்கியத்துக்குள் கட்டுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். இரண்டாம் வரைவு முழுவதையும் இதற்கே கொடுங்கள்.

தமிழ் வாக்கியத்தில் ஆளை ஒளித்துவைக்க ஏராளமான இடம் இருக்கிறது. ‘கதவு சாத்தப்பட்டது.’ சாத்தியவன் வாக்கியத்திலேயே இல்லை. ‘எனக்கு என்னமோ ஆகிவிட்டது.’ ‘கை நடுங்கியது.’ ‘பேச வரவில்லை.’ இந்த வாக்கியங்களில் எல்லாமே அவளுக்கு நேர்கின்றன. அவள் எதையும் செய்வதில்லை. முதல் பகுதியில் அவள் இப்படித்தான் சொல்வாள். யார் செய்தது என்று சொல்லக்கூட அவளுக்கு இன்னும் வாக்கியம் கிடைக்கவில்லை.

நடுப்பகுதியில் வினைகள் மெல்ல அவள் கைக்கு வர வேண்டும். ‘எழுந்தேன்.’ ‘கையை எடுத்தேன்.’ ‘வேண்டாம் என்றேன்.’ கடைசிப் பகுதியில் ஒரு நாள் அந்தப் பழைய கதவு திரும்ப வருகிறது: ‘அவன் கதவைச் சாத்தினான்.’ வாசகருக்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. ஏதோ மாறிவிட்டது என்று அவர் உடம்புக்குத் தெரியும்.

செய்முறை: பிரதியை அச்செடுத்து, அவளுக்கு நேர்கிற வாக்கியங்களை ஒரு நிறத்திலும் அவள் செய்கிற வாக்கியங்களை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். முதல் அத்தியாயத்திலும் கடைசி அத்தியாயத்திலும் நிறங்களின் அளவு ஒன்றாகவே இருந்தால் குரல் இன்னும் வரவில்லை, சம்பவங்கள் மட்டும் நகர்ந்திருக்கின்றன.

இந்தப் படியில் வரும் பொறிகளில் முக்கியமானது பெரியவர் அறிவு. பதினாறு வயதுக்காரி தன் நிலையைப் பார்த்து ‘மனக்காயம்’ என்று சொல்ல மாட்டாள். ‘வயிறு சரியில்லை’ என்பாள். ‘ஒண்ணுமில்ல, தூக்கம் வருது’ என்பாள். முப்பது வயதில் திரும்பிப் பார்த்து எழுதுகிறவரின் தெளிவு உரைநடைக்குள் எட்டிப் பார்த்தால் அடித்துவிடுங்கள். அடுத்தது அழகு. வலிக்கும் இடத்தில் உவமை மேல் உவமையாக அடுக்கத் தோன்றும். அப்படி அடுக்கினால் வாசகர் வலியை விட்டுவிட்டு எழுத்தை ரசிக்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பக்கங்களில் மட்டும் சொல்லைச் சுருக்குங்கள்.

உரையாடலில், கேள்விக்குப் பதில் வராத இடங்களைக் கவனமாக எழுதுங்கள். ‘சாப்பிட்டியா?’ என்று அம்மா கேட்கிறாள். ‘நாளைக்கு டெஸ்ட் இருக்கு’ என்று அவள் சொல்கிறாள். ‘அவள் மௌனமானாள்’ என்று பத்து முறை எழுதுவதைவிட இது காதில் ஏறும்.

6. அந்தக் காட்சி

சம்பவம் நடக்கும் காட்சியில் எவ்வளவு காட்டுவது என்று எல்லோரும் கேட்பார்கள். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: ஒரு வரியை எடுத்துவிட்டால் அவள் உணர்ந்தது குறைகிறதா, அல்லது வாசகர் பார்ப்பது மட்டும் குறைகிறதா? பார்ப்பது மட்டும் குறைந்தால் அந்த வரி போகலாம்.

தற்கொலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது இரண்டிலும் இன்னும் கண்டிப்பு வேண்டும். முறை, கருவி, இடம், அளவு எதையும் விவரிக்காதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ‘13 ரீசன்ஸ் வை’ தொடரின் முதல் பருவத்தில் 2017 இல் காட்டிய தற்கொலைக் காட்சியை, மருத்துவ வல்லுநர்களின் யோசனையைக் கேட்டு 2019 ஜூலையில் நீக்கியது. திரை, மேடைக் கலைஞர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட கையேடு இணையத்தில் இலவசம். நாவலுக்கும் அப்படியே பொருந்தும், எழுதும் முன் படித்துவிடுங்கள்.

7. அவள் சொல்லும் இடம்

மேடை, மைக், கூட்டம், கைதட்டல் என்று உச்சக்காட்சி எழுதத் தோன்றும். வேண்டாம். மௌனத் தாளை எடுங்கள். அதில் எந்தப் பெயருக்கு எதிரே எழுதியிருந்த நம்பிக்கை கதைக்குள் பொய்த்துப்போகிறதோ, அந்த ஆளிடம்தான் அவள் சொல்வாள்.

அதற்கு முன்னால் சின்னச் சின்ன மறுப்புகள் வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவில் தப்பாக உச்சரித்த தன் பெயரைத் திருத்துவது. பிடிக்காத தோழியின் பக்கத்திலிருந்து எழுந்து வேறு இடத்தில் உட்காருவது. ‘தொடாதே’ என்று தம்பியிடம் சொல்லிப் பார்ப்பது. இவை இல்லாமல் திடீரென்று வரும் பேச்சு எழுத்தாளரின் பேச்சாகத்தான் கேட்கும்.

முதல் முறை முழுசாகச் சொல்வது அபூர்வம். ‘எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு’ என்று தொடங்கி எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்கள். பாதி சொல்லிவிட்டு, ‘சும்மா சொன்னேன்’ என்று திரும்பப் பெறுவதும் உண்டு. அதை எழுதுங்கள். கேட்டவர்களில் ஒருவராவது மோசமாக எதிர்வினை காட்டட்டும். கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பயந்தவராக இருந்தாலே போதும்.

காப்பாற்ற ஒரு காதலனைக் கொண்டுவருவதைத் தவிருங்கள். அவளுடைய குரல் அவன் கொடுத்த பரிசாகிவிடும்.

கேட்பவர் ஆசிரியராகவோ மருத்துவராகவோ ஆலோசகராகவோ இருந்தால், கதை நடக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். சிறார்மீது நடந்த கொடுமை தெரியவந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது பல நாடுகளில் இவர்களுக்குக் கட்டாயம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று உங்கள் ஆலோசகர் வாக்குக் கொடுத்தால் அந்தப் பாத்திரம் பொய்யாகிவிடும்.

சொன்னதோடு நாவலை முடிக்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992 இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று கட்டமாகப் பார்க்கிறார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கப்படுவது, மறுபடி மனிதர்களோடு சேர்வது. சொல்வது நடுவில் வருகிறது. அதற்கு மறுநாள் காலை வீட்டில் எப்படி இருந்தது, யார் கண்ணைப் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று குறைந்தது இரண்டு அத்தியாயமாவது வேண்டும்.

8. முன்வாசகர்களும் செலவும்

மூன்றாம் வரைவுக்கு முன் யாருக்கும் கொடுக்காதீர்கள். பிறகு இரண்டு வகை வாசகர்கள் தேவை. அந்த அனுபவத்தை உள்ளிருந்து அறிந்து, எங்கே தப்பாகவோ புண்படுத்தும்படியோ எழுதியிருக்கிறோம் என்று படித்துச் சொல்லும் சென்சிடிவிட்டி ரீடர் ஒருவர். பதின்பருவத்தினரோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர் ஒருவர். முன்னவர் சொல் கணக்கிலோ முழுப் பிரதிக்கு ஒரு தொகையாகவோ வாங்குவார். பின்னவர் மணிக்கணக்கில். இருவருக்கும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். தங்கள் காயத்தைத் தொட்டுக்கொண்டு படிக்கிற வேலையை ஓசியில் கேட்பது நியாயமில்லை. கையில் காசு குறைவென்றால் முழுப் பிரதிக்குப் பதிலாக அந்தக் காட்சி, சொல்லும் காட்சி, அதன் பிந்தைய அத்தியாயங்கள் ஆகியவற்றை மட்டும் கொடுங்கள்.

ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: எத்தனை சுற்று, கடைசித் தேதி, பிரதியை வெளியே காட்டக் கூடாது என்பது, நன்றிப் பக்கத்தில் பெயர் வேண்டுமா வேண்டாமா என்பது. படிக்க நான்கிலிருந்து ஆறு வாரம் கொடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காமல், ‘எந்தப் பக்கத்தில் இவளை நம்ப முடியவில்லை?’ என்று கேளுங்கள்.

பதின்பருவத்தினரிடம் கொடுப்பதானால் பெற்றோரின் அனுமதியோடு, உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். பாதியில் நிறுத்த விரும்பினால் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு செலவு: பாத்திரம் கேட்கும் பாடலின் வரிகளை அச்சிட உரிமையாளரின் அனுமதி வேண்டும், கட்டணமும் இருக்கலாம், பதில் வர மாதங்கள் ஆகும். பாடலின் பெயரைச் சொல்வதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை.

9. பதிப்பகத்துக்குப் போகும் உறை

முதல் மூன்று அத்தியாயங்கள், முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லும் இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், உள்ளே என்ன மாதிரிக் கடினமான விஷயங்கள் வருகின்றன என்று வாசகருக்கு முன்பே சொல்லும் உள்ளடக்க எச்சரிக்கையின் வரைவு. கதைச்சுருக்கத்தில் சம்பவத்தை மறைக்காதீர்கள். எடிட்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அதே சமயம், ‘இது என் சொந்தக் கதை’ என்று கடிதத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அப்போது ஒரு முறை சொல்லிவிட்டால் பிறகு ஒவ்வொரு நேர்காணலிலும் கேட்பார்கள்.

பதிலுக்கு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். பெரிய பன்னாட்டுப் பதிப்பகங்களில் ஒப்பந்தத்திலிருந்து புத்தகம் கைக்கு வர ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். ஒப்பந்தத்தில் அட்டையும் பின்னட்டை வாசகமும் உங்களிடம் காட்டப்படும் என்று ஒரு வரி கேளுங்கள். வாய் பொத்திய பெண்ணின் படம் அட்டையில் வருவதைத் தடுக்க உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அந்த வரி.

10. புத்தகம் வெளிவரும் முன் பதில் கடிதத்தைத் தயார் செய்யுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. இப்படியொரு நாவல் வெளியானால் வாசகர்கள் எழுதுவார்கள். அவர்களில் சிலர், வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் முதன்முதலாகச் சொல்வார்கள். அவர்களில் சிலருக்கு வயது பதின்மூன்றாக இருக்கும்.

அந்த நேரத்தில் கை நடுங்கும், வார்த்தை வராது. அதனால் ஆலோசகரின் உதவியோடு பதிலை முன்பே எழுதிவையுங்கள். சொன்னதற்கு நன்றி. நான் உன்னை நம்புகிறேன். இது உன் தப்பில்லை. இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா? பக்கத்தில் நம்பக்கூடிய பெரியவர் யாராவது இருக்கிறார்களா? நான் ஆலோசகர் இல்லை, ஆனால் இந்த எண்ணில் இருப்பவர்கள் இதற்காகவே இருக்கிறார்கள். சைல்ட் ஹெல்ப்லைன் இன்டர்நேஷனல் அமைப்பின் இணையதளத்தில் பல நாடுகளின் குழந்தைகள் உதவி எண்கள் இருக்கின்றன. உங்கள் வாசகர்கள் வாழும் நாடுகளின் எண்களை அங்கிருந்து எடுத்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அச்சிடுங்கள். ஒவ்வொரு மறுபதிப்புக்கு முன்னும் அந்த எண்களை அழைத்துச் சரிபாருங்கள்.

விவரம் கேட்டுக் கிளறாதீர்கள். ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எழுதியவர் சிறார் என்று தெரிந்து, உடனடி ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் உங்கள் சட்டக் கடமை என்ன என்பதைப் பதிப்பகத்திடமும் வழக்கறிஞரிடமும் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் முதல் பிரதி அச்சுக்குப் போகும் நாளில் உங்கள் மேஜையில் இருக்க வேண்டும்.